ஜாக்கில் அப்பிய சந்தனம்

அந்த ரேடியோவில் எத்தனை குமிழ் இருக்கிறது என்று நல்லுசாமிக்குத் தெரியும். பதினொன்று. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அதைச் சொல்லுவார். எந்தக் குமிழ் எதற்கு என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் மிலிட்டரி சமாச்சாரம்" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

குஜிலியம்பாறையில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தவர் அவர். பஞ்சாயத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். மில் சாமான் வாங்க மதராஸுக்குப் போன இடத்தில், யுத்தம் முடிந்து ஏலத்தில் கழித்துவிட்ட பட்டாளத்துச் சாமான்களை ஒருவன் கடை போட்டு விற்றுக்கொண்டிருந்தானாம். அங்கே இந்தப் பெட்டியைப் பார்த்து மயங்கிவிட்டார். கப்பலிலும் பாசறையிலும் செய்தி வாங்குவதற்கென்றே செய்த ரிசீவர் அது. முழுக்க இரும்பு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். வீட்டு ரேடியோ மாதிரி அதற்குள் ஸ்பீக்கர் கிடையாது. ஸ்பீக்கர், ஹெட்போன், ஏரியல் எல்லாவற்றையும் வெளியிலிருந்துதான் மாட்ட வேண்டும். இது தெரியாமல் வாங்கி வந்து, கரண்டில் சொருகி, வீட்டு ஜனத்தையெல்லாம் எதிரில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் குமிழ்களைத் திருகியிருக்கிறார். பெட்டி வாயைத் திறக்கவில்லை. விற்றவனின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டுத் திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்.

ஆள் வந்து நின்றது என் கடையில். என் பெயர் ராயப்பராஜ். மலைக்கோட்டைக்குக் கீழே, பூட்டுப் பட்டறைகளுக்கு நடுவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். யுத்த காலத்தில் பர்மா எல்லையில் சிக்னல் பிரிவில் இருந்தவன். இதே மாதிரிப் பெட்டிக்கு முன்னால் நான்கு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சாமானின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்குகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. வசதி இருப்பதால் மூளையும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறவனைக் கண்டால் அறவே ஆகாது. நல்லுசாமி இந்த இரண்டு வகையிலும் சேர்த்தி.

இது நடந்தது அறுபத்தொன்றாம் வருஷம், ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முந்தி. நான் போனபோது ஊரில் ஒரே பேச்சாக இருந்தது. கிணற்றுக்கு வெடி வைக்கும் கருப்பணனின் மகள் பொன்னழகு திருச்சி வானொலியில் பாடப் போகிறாள். காந்திகிராமத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பெண். அங்கே யாரோ அவள் குரலைக் கேட்டுவிட்டுத் தேர்வுக்கு அனுப்ப, தேறிவிட்டாள். விஜயதசமி அன்று சாயங்காலம் ஆறேகால் மணிக்குப் பத்து நிமிஷம். நேரடியாக ஒலிபரப்புவார்கள். அந்தப் பத்து நிமிஷம் போனால் போனதுதான்.

"நம்ம ஊர்ப் புள்ள" என்று நல்லுசாமி என்னிடம் மார் தட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே நம்ம ஊர்ப் பிள்ளை, கோயில் திருவிழாவில் ஒரு பாட்டுப் பாடட்டுமா என்று கேட்டபோது, "வெடிக்காரன் மகளுக்கு மைக்கு ஒரு கேடா" என்று விரட்டியவரும் இவர்தான். அதை எனக்குச் சொன்னவர் மைக்செட் நாச்சிமுத்து. அன்றைக்கு விரட்டியபோது அவரும் பக்கத்தில் நின்று சிரித்தவராம். அதையும் அவரே சொன்னார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

நல்லுசாமியின் திட்டம் இதுதான். பெட்டி மில் ஆபீஸ் அறையில் இருக்கும். அதிலிருந்து ஒயர் இழுத்து நாச்சிமுத்துவின் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, மில் கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஊர் முழுக்கக் கேட்க வைப்பது. பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கீழத்தெருவுக்குக் கேட்குமா, பக்கத்து ஊர்க்காரன் காதில் விழுமா, இதைத்தான் கேட்டார்.

அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் மாட்டினேன். இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவில் ஏரியல் கம்பி, கிணற்றடி ஈரத்தில் எர்த். பெட்டியின் பின்னால் ஸ்பீக்கருக்கென்று இருந்த இரண்டு திருகிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர். முன்பக்கம் ஒரு சின்னத் துவாரம் உண்டு. அதுதான் ஜாக். ஹெட்போனின் பிளக்கை அதில் சொருகினால், உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய தகடு விலகி, ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பை அறுத்துவிடும். பிளக்கை எடுத்தால் தகடு பழையபடி ஒட்டிக்கொள்ளும். பாசறையில் சத்தம் வெளியே போகக் கூடாது என்று செய்த ஏற்பாடு. ஒருவன் தனியாகக் கேட்கலாம், அல்லது ஊர் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

குழாய் ஸ்பீக்கர் பாடியதும் கூட்டம் கூடியது. கூட்டத்தில் ஓர் ஆள் மட்டும் குழாயைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இடது கன்னத்தில் கருந்தழும்புகள். அவர்தான் கருப்பணன். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிணற்றில் திரி முந்திக்கொண்டு வெடித்ததில் காது இரண்டும் போய்விட்டன. அப்போது பொன்னழகுக்கு இரண்டு வயது. இப்போது அவர் காதில் வாயை வைத்துக் கத்தினால் பத்து வார்த்தையில் ஆறு விழும். பாட்டெல்லாம் விழாது. அத்தனை பெரிய குழாயும் அவருக்கு வெறும் இரைச்சல்தான்.

அவர் மடியிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். மகள் எழுதியது. நான்கே வரி. கடைசி வரி இப்படி இருந்தது: 'யார் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்க வேண்டும் அப்பா.'

"அப்பு, அவ அப்பான்னு சொன்னதக் கேட்டுருக்கேன். பாடிக் கேட்டதில்ல" என்றார். காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி ஊருக்கே கேட்கும்படி சொன்னார். பின்னால் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பையில் பட்டாளத்துப் பழைய ஹெட்போன் ஒன்று எப்போதும் இருக்கும். அதை அவர் தலையில் மாட்டி, பிளக்கைச் சொருகி, சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகினேன். பக்கத்தில் நின்ற எனக்கே செய்தி வாசிப்பவரின் குரல் கொசு மாதிரிக் கேட்டது.

கருப்பணன் கண்ணை மூடினார். பிறகு திறந்தார். "யாரு இவரு? ஏன் இம்புட்டு மெதுவாப் பேசுறாரு?" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்த எவனுக்கும் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் நல்லுசாமி பார்த்தது கூரையை. குழாய் நின்றுவிட்டது என்று ஓடி வந்தார். "ஏப்பா ராயப்பா, என்னா செஞ்ச? கழட்டு, கழட்டு!"

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். "மொதலாளி, பெட்டிக்குப் பின்னாடி சின்னதா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வச்சா, குழாயும் பாடும், இவரும் கேக்கலாம். நான் நாளைக்கே கொண்டாரேன். நீங்க ஒண்ணும் தர வேணாம்."

"என் பெட்டியக் குடைஞ்சு, செவிட்டுப் பயலுக்கு ஒயரு இழுக்கவா? போப்பா. ஊரே கேக்குது, அவரு ஒருத்தரு கேட்டுத்தான் ஆகப் போகுதாக்கும்."

அப்பா கேட்பதற்காகத்தான் அந்தப் பெண் பாடுகிறாள் என்பதைச் சொல்லி விளங்க வைக்க எனக்குத் தெம்பு இல்லை. புண்ணாக்கு மூட்டையிடம் பேசினால்கூட அது குறுக்கே பேசாது. பிளக்கைப் பிடுங்கினேன். கருப்பணன் ஹெட்போனைக் கழற்றித் துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்தார். துடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

விஜயதசமி அன்று ஐந்தே முக்காலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மில் வாசலில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாழைக்கன்று, மாவிலை, சவுக்குக் கம்பில் விளக்கு. முந்தின நாள் ஆயுத பூஜை நடந்திருந்தது. செக்கு, மோட்டார், தராசு, சாக்கு தைக்கும் ஊசி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். அதில் தப்பில்லை, வேலை செய்கிற சாமானுக்கு மரியாதை. ஆபீஸ் அறைக்குள் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். பதினொரு குமிழுக்கும் பதினொரு பொட்டு. இருப்பதிலேயே பெரிய பொட்டு ஜாக் துவாரத்தின்மேல். ஓட்டை தெரிந்தால் லட்சணமாக இல்லை என்று நல்லுசாமி தம் கையாலேயே சந்தனத்தைக் குழைத்து, விரலால் உள்ளே தள்ளி அடைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். சுவரில் ஆணி பிடுங்கிய பொத்தலைப் பூசுகிற மாதிரி வழுவழுவென்று இருந்தது.

பெட்டியைப் போட்டேன். விளக்கு எரிந்தது. வால்வுகள் சூடாயின. குழாய் ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து ஹெட்போன் பிளக்கைச் சந்தனத்தைத் துளைத்துக்கொண்டு அழுத்திச் சொருகினேன். திருச்சி கணீரென்று கேட்டது. பிளக்கை எடுத்தேன். மறுபடியும் மௌனம். விஷயம் விளங்கிவிட்டது. சந்தனம் உள்ளே போய்க் காய்ந்து, அந்த மெல்லிய தகட்டை ஒட்டவிடாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்போனுக்கு வழி உண்டு, ஸ்பீக்கருக்கு இல்லை.

மணி ஆறு ஆகி ஐந்து நிமிஷம்.

நல்லுசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்களையெல்லாம் அழைத்து முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார். "சரி பண்ண எம்புட்டு நேரமாகும்?"

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது இரண்டு நிமிஷ வேலை. ஒரு தீக்குச்சி, கொஞ்சம் துணி, என் பையில் இருந்த ஸ்பிரிட், அவ்வளவுதான். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஜன்னல் வழியாகக் கருப்பணன் தெரிந்தார். கூட்டத்தின் கடைசியில், வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, இரைச்சலைக் கேட்பதற்காக வந்து நின்றிருந்தார்.

"பெட்டியப் பிரிக்கணும் மொதலாளி. அரை மணி நேரம் ஆகும்" என்றேன்.

நல்லுசாமி என் கையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கித் தம் தலையில் மாட்டிக்கொண்டார். நான் பிளக்கைச் சொருகினேன். செத்த நேரம் கேட்டார். அப்போது வெளியே யாரோ, "என்னாப்பா, குழா பேசல?" என்று சத்தம் போட்டான். அவருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. உள்ளே உட்கார்ந்து அந்தப் பெண் பாடுவதைக் கேட்கலாம். வெளியே போய் மைக்கைப் பிடிக்கலாம். அரை நொடிகூட யோசிக்கவில்லை மனிதர். ஹெட்போனை மேஜையில் எறிந்துவிட்டு நாச்சிமுத்துவைப் பிடித்தார்.

"பொம்பளை பாடுன பிளேட்டு இருக்கா?"

"இருக்கு மொதலாளி. ஆனா யாரு பாடுனதுன்னு தெரியாது. லேபிள எலி தின்னுருச்சு."

"அதுதான் வேணும். வையி."

"அது வேற குரலுல்ல?"

"அவ பாடி இந்த ஊருல எவன் கேட்டான்? வையிடா."

அதில் ஒன்று மட்டும் உண்மை. அவளை ஊர் பாடவிட்டதே இல்லை. அவள் குரல் கட்டையா கீச்சா என்பதே அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அவர்கள் செய்த அந்தப் பாவமே அன்றைக்கு நல்லுசாமிக்குக் கைகொடுத்தது.

ஆறேகாலுக்கு நல்லுசாமி மைக்கில் முழங்கினார். "இதோ, நமது ஊர்ச் செல்வி பொன்னழகு, திருச்சி வானொலி நிலையத்திலிருந்து..." அவர் அந்தப் பக்கம் முழங்கிக்கொண்டிருக்கும்போதே நான் பின்வாசல் வழியாகப் போய்க் கருப்பணனின் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஆபீஸ் நாற்காலியில், நல்லுசாமியின் நாற்காலியில், உட்கார வைத்தேன். ஹெட்போனை மாட்டினேன். பிளக்கைச் சொருகினேன். சத்தத்தைக் கடைசி வரைக்கும் வைத்தேன்.

வெளியே கிராமபோனில், லேபிளை எலி தின்ற பிளேட்டு சுற்றியது. எவளோ ஓர் அம்மாள் வீணை பின்னணியில் கரகரவென்று பாடினாள். ஊர் அப்படியே சொக்கிப்போனது. முன்வரிசையில் ஒருவர் தொடையில் தாளம் போட்டார், அதுவும் தப்பாக. பிளேட்டில் இருந்த கீறல் சத்தத்தைக் கேட்டு, "திருச்சியில நல்ல மழை போல" என்று ஒருவர் விவரமாகச் சொன்னார். பிளேட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏழு நிமிஷம்கூட வராது. நாச்சிமுத்து முதல் பக்கத்தையே திரும்ப வைத்தார். இப்போதாவது ஒருவன் எழுந்து கேட்பான் என்று எதிர்பார்த்தேன். "திருச்சியிலயே ஒன்ஸ்மோர் கேட்டுட்டாங்கப்பா!" என்று கைதட்டினார்கள். இருநூறு ஜோடிக் காது. ஆண்டவர் அவற்றை வீணாகத்தான் படைத்தார் என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே கருப்பணன் இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தொடக்கத்தில், "பாடுறா!" என்று ஒரே ஒரு தடவை கத்தினார். நான் அவர் வாயைப் பொத்தினேன். ஹெட்போனிலிருந்து கசிந்த பாட்டு எனக்கும் நூல் மாதிரிக் கேட்டது. ஹார்மோனியம், தபேலா, சின்னப் பெண்ணின் குரல். இரண்டாவது பாட்டின் நடுவில் அந்தக் குரல் உடைந்து ஒரு தடவை இருமியது. கருப்பணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பாட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. அவரும் மூச்சு விட்டார். பாட்டு முடிந்து நெடுநேரம், யாரோ பயிர் மருந்தைப் பற்றிப் பேசியதையும் அவர் கழற்றாமல் கேட்டார். நான் அவசரப்படுத்தவில்லை.

நான்காம் நாள் காலையில் பொன்னழகு திண்டுக்கல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கம்பிகளைக் கழற்றவும், பெட்டியைச் சரி பார்க்கவும் நானும் அதே பஸ்ஸில்தான் வந்தேன். நல்லுசாமி ரோஜா மாலையோடு நின்றார். பின்னால் கால்வாசி ஊர் நின்றது. மாலை போட்டார். போட்டோகூட எடுக்க ஏற்பாடு செய்திருந்தார்.

"என்னா குரலு! அந்த வீணை இருக்கே, வீணை!" என்றார் ஒருவர்.

"வீணையா?" என்றாள் அவள்.

"ஒன்ஸ்மோர் வேற! நாங்களும் இங்கன இருந்தே கைதட்டுனோம்."

அவள் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கருப்பணன் வந்தார். மாலையைப் பார்க்கவில்லை, போட்டோக்காரனைப் பார்க்கவில்லை. மகளின் தொண்டையைத் தொட்டார்.

"ஏத்தா, நடுவுல இருமுனியே, சளி பிடிச்சிருக்கா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நல்லுசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கேட்டீகளா சேதிய! காது கேக்குற நம்ம யாருக்கும் கேக்காத இருமலு, இவருக்குக் கேட்டுச்சாம்!"

பொன்னழகு சிரிக்கவில்லை. அப்பாவின் முன்னால் ஒரு விரலைக் காட்டி, பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். முதல் பாட்டா, இரண்டாவது பாட்டா? கருப்பணன் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு ஹார்மோனியம் வாசிப்பதுபோல் கையை அசைத்து, நடுவில் நிறுத்தி, நெஞ்சைத் தட்டி இருமிக் காட்டினார். அவள் அந்தத் தழும்பு விழுந்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில், அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதாள்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அழுகை அடங்கியதும் அவள் நல்லுசாமியிடம் திரும்பினாள். குரல் உண்மையிலேயே கம்மியிருந்தது. "ஐயா, நான் இருமுனது நெசம். அந்தப் பாட்டுல வீணையே கெடையாது. நீங்க யாரு பாடுனதக் கேட்டீக?"

நல்லுசாமி நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து பஸ்ஸைப் பார்த்தார். வீணையைப் புகழ்ந்தவர் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் மாதிரி நகர்ந்தார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாலையைக் கழற்றி நல்லுசாமியின் கையிலேயே கொடுத்துவிட்டு, தன் துணிப்பெட்டியை ஒரு கையிலும் அப்பாவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். கருப்பணன் போகும்போதே, "தொண்டைக்கு மொளகு போட்டுத் தாரேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

நல்லுசாமி கொஞ்ச நேரம் மாலையோடு நின்றார். பிறகு எரிச்சல் எல்லாம் என்மேல் திரும்பியது. "நீ வாப்பா. வந்து அந்தச் சனியன் பிடிச்ச ஓட்டையச் சரி பண்ணித் தொலை."

மில் ஆபீஸுக்குப் போனோம். பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் போட்டுவிட்டு, நான் ஒரு தீக்குச்சியில் துணியைச் சுற்றினேன். ஸ்பிரிட்டில் தோய்த்து ஜாக்கினுள் விட்டு, நாலு சுற்றுச் சுற்றி எடுத்தேன். துணி மஞ்சளாக வந்தது. இன்னொரு குச்சி. அது வெள்ளையாக வந்தது. கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் சட்டென்று உயிர் பெற்று, இல்லாத கூட்டத்துக்குப் பருத்தி விலை படித்தது.

நல்லுசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் மொதலாளி."

"அன்னைக்கு அரை மணி நேரமாகும்னு சொன்னியே?"

"சொன்னேன்" என்றேன்.

அவர் தம் நாற்காலியில் உட்காரப் போனவர், நின்று, அதையே பார்த்தார். நான் ஹெட்போனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.